கையுறை கேட்டால் வேலை போய்விடுமா?

(பீடோரில் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரல்களில் நகம் சரியாக இல்லை. கறுத்துப் போய், பிளந்து, ஒருநாள் கழன்று விழுந்தவை. பிறகு முளைத்ததும் நகமாக முளைக்கவில்லை. சின்ன வயதில் நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. எங்கள் லயத்தில் பாதி அம்மாமார்களின் கை அப்படித்தான் இருந்தது. எல்லா அம்மாக்களின் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையின் கையைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

அம்மா இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மருந்து அடிக்கும் கேங்கில் இருந்தார். விடியும் முன்னே பெரட்டு. மண்டோர் பெயர் கூப்பிடுவார். முதுகில் பம்பு. மருந்தோடு சேர்த்து அது ஒரு சின்னப் பிள்ளையைச் சுமக்கும் பாரம் இருக்கும். செம்பனைக் காட்டுக்குள் மேடு பள்ளம் பார்க்காமல் நடக்க வேண்டும். பம்பு ஒழுகினால் முதுகு நனையும். காற்று திரும்பினால் முகம் நனையும். அதே கையோடு மரத்தடியில் உட்கார்ந்து சோறு. வீட்டுக்கு வந்தால் அந்தச் சட்டையும் என் பள்ளிச் சீருடையும் ஒரே வாளியில் ஊறும்.

ஒருமுறை அம்மா கையுறை கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "அப்படிப் பயமாக இருந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாமே." அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் கேட்கவேயில்லை. இன்று என் பேச்சு முழுவதும் அந்த ஒரு பதிலைப் பற்றித்தான்.

பாரகுவாட் கற்றுத் தந்த பாடம்

அந்த மருந்தின் பெயர் பாரகுவாட். கிராமக்ஸோன் என்று சொன்னால் இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு வாடையே ஞாபகம் வரும். 1962-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த களைக்கொல்லி. உடம்புக்குள் போனால் நுரையீரலில் போய்ச் சேரும். அங்கே தழும்பு கட்டி மூச்சை அடைக்கும். ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போய்விடும். இதற்கு மாற்று மருந்து இன்று வரை கிடையாது. தோலில் புண், சிராய்ப்பு இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே போகும். மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், தோல் வெடிப்பு, நகம் கழல்வது எல்லாம் இதை அடித்தவர்களுக்குத் தெரிந்த கதை.

இதை எழுத்தில் கொண்டு வந்தவர்கள் யார்? அரசாங்கமா, தோட்ட நிர்வாகமா? இரண்டும் இல்லை. டாக்டர் ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனாகானித்தாவும், பினாங்கில் உள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமான பான் ஆசிய பசிபிக்கும்தான். தோட்டம் தோட்டமாகப் போய், மருந்து அடிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு, 2002-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரகுவாட்டைப் படிப்படியாகத் தடை செய்யப்போவதாக நம் அரசாங்கம் அறிவித்தது. நாம் கைதட்டினோம்.

பிறகு என்ன நடந்தது? 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மருந்து மறுபடியும் கடைக்கு வந்தது. முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆபத்து என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட பிறகும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் நம் அக்கா தங்கைகள் அதை முதுகில் சுமந்தார்கள். இதைத் தயாரித்து விற்ற பெரிய நிறுவனத்தின் தலைமையகம் சுவிட்சர்லாந்தில். அந்த நாட்டிலேயே இதற்கு 1989 முதல் அனுமதி கிடையாது! அவர்கள் மண்ணுக்கு ஆகாதது நம் அம்மாமார்களின் முதுகுக்கு ஆகும் என்றார்கள்.

மருந்தை ஆதரித்தவர்கள் வைத்த வாதம் என்ன தெரியுமா? "முறையாகப் பயன்படுத்தினால் ஆபத்து இல்லை." முறையாக என்றால் கையுறை, முகமூடி, கண்ணாடி, ரப்பர் ஏப்ரன், பூட்ஸ், நல்ல பம்பு, கழுவத் தண்ணீர், சோப்பு. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் பத்து மணி வெயிலில் செம்பனைக் காட்டுக்குள் ஏப்ரன் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் நடந்து பார்த்தவர் எத்தனை பேர்? முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது. கழற்றினால் மருந்து உள்ளே போகிறது. அவர்கள் ஆபத்தை அளந்தது நிஜத்தில் இல்லாத ஒரு தொழிலாளியை வைத்து. பாதிக்கப்பட்டது நிஜத்தில் இருந்த என் அம்மா.

ஆபத்தை அளப்பது என்றால் என்ன?

இப்போது சட்டத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், சட்டப் புத்தகம் முழுவதையும் ஒப்பிக்க மாட்டேன்.

முன்பு நமக்கு இருந்தது 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம். பெயரிலேயே தெரியும், அது தொழிற்சாலைக்கு. காட்டில் மருந்து அடிப்பவர் அதன் கண்ணில் படவில்லை. 1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஓஷா என்கிறோமே, அதுதான், சட்டம் 514. விவசாயமும் அதற்குள் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டம் அன்றோடு முடிந்தது. இன்று வீட்டுப் பணியாளர், இராணுவம், கப்பல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் ஓஷா பொருந்தும்.

புதிதாக வந்தவற்றில் முக்கியமானது 18பி பிரிவு. ஒவ்வொரு முதலாளியும் தன் வேலையிடத்தில் உள்ள ஆபத்தை மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். இந்தக் கடமைகளில் தவறினால் அதிகபட்ச அபராதம் 500,000 ரிங்கிட், அல்லது இரண்டாண்டுச் சிறை, அல்லது இரண்டும். முன்பு இது 50,000-ஆக இருந்தது.

மதிப்பீடு எப்படிச் செய்கிறார்கள்? பாதுகாப்பு இலாகாவான ஜேகேகேபி 2008-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஹிராக் என்பார்கள். முதலில் எது ஆபத்து என்று பட்டியல் போடுவது. அடுத்து, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1 முதல் 5 வரை ஓர் எண். நடந்தால் எவ்வளவு பெரிய சேதம் என்பதற்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15-ம் அதற்கு மேலும் வந்தால் பெரிய ஆபத்து, உடனே ஏதாவது செய்ய வேண்டும். 5 முதல் 12 வரை நடுத்தரம். 4-ம் அதற்குக் கீழும் சிறியது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் கம்பு அலுமினியம். உயர்ந்த மரத்துக்கு அது மிக நீளம். பக்கத்தில் மின்கம்பி போகிறது. கம்பு பட்டால் சாவுதான். ஆகவே சேதத்துக்கு 4. இதில் யாரும் சண்டை போட மாட்டார்கள். வாய்ப்பு எவ்வளவு? அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் 2 என்று எழுதுவார். நான்கு இரண்டு எட்டு. நடுத்தரம். கோப்பை மூடிவிடலாம். அந்தக் காட்டில் தினமும் வெட்டும் அண்ணனைக் கேளுங்கள். "போன மாசம்கூட ஒரு முழம் தள்ளிப் போச்சுங்க, மழை நாள்ல கம்பு வழுக்கும்" என்பார். அப்படியென்றால் வாய்ப்பு 4. நான்கு நான்கு பதினாறு. பெரிய ஆபத்து. இப்போது அந்த வரிசை மரங்களை என்ன செய்வது என்று யோசித்தே ஆக வேண்டும்.

பார்த்தீர்களா? ஒரே கம்பு, ஒரே கம்பி. யாரைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் கணக்கில் உங்கள் வாய் இருக்க வேண்டும். நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன இடத்தில்கூட இப்போது பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வைக்க வேண்டிய பெரிய இடங்களுக்கு அது வேறு. உங்கள் இடத்தில் அவர் யார்? அடுத்த வாரம் கேட்டுப் பாருங்கள்.

கையுறை கடைசியில்தான்

நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பாதுகாப்பு என்றால் தொப்பியும் பூட்ஸும் என்று நினைக்கிறோம். முறை அப்படி இல்லை. முதலில் ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்து உள்ள வேறு பொருள், வேறு வழி. அதுவும் முடியாவிட்டால் இயந்திரத்துக்கு மூடி, தடுப்பு, காற்றோட்டம். அதன் பிறகு பயிற்சி, வேலை நேர மாற்றம், ஓய்வு. எல்லாம் செய்த பிறகும் மீதி இருக்கும் ஆபத்துக்குத்தான் கையுறையும் முகமூடியும்.

இங்கே நடப்பது தலைகீழ். முதலிலேயே ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாங்கள் கொடுத்தோம், அவன் போடவில்லை" என்று பழியை நம் மேல் போடுகிறார்கள். அந்தக் கையுறைக்கும் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்! சட்டப்படி முதலாளி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஓஷா 26-ஆவது பிரிவு. சம்பளச் சீட்டை இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.

பாரகுவாட் போய்விட்டது, இனி கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அந்த இடத்துக்கு வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் கிளைபோசேட்டை 2015-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. வேறு சில நாடுகளின் ஆணையங்கள் அப்படி இல்லை என்கின்றன. அந்த வாதம் நடக்கட்டும். நமக்குத் தேவை ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டின் இரசாயன விதிகளின்படி, உடல்நலத்துக்குக் கேடான இரசாயனம் பயன்படுத்தும் இடத்தில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வந்து மதிப்பீடு செய்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் அதை மறுபடி செய்ய வேண்டும். முடிவைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்குச் சொன்னார்களா?

இன்று நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தில் இல்லை. லோரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறார்கள், பாதுகாவலர் வேலை செய்கிறார்கள். நம் அக்காமார்கள் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் கான்ட்ராக்டில் துப்புரவு செய்கிறார்கள். கழிவறை வெளுக்க வேண்டும் என்று குளோரோக்ஸையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றுகிறார்கள். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. இதை அவர்களுக்குச் சொல்லித் தர ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கான்ட்ராக்ட்காரரைக் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுவார். கம்பெனியைக் கேட்டால் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்துக்குத்தான் 18ஏ பிரிவு வந்திருக்கிறது. வேலையைக் கொடுத்த நிறுவனம், தன் கட்டுப்பாட்டில் உள்ள அளவுக்கு, கான்ட்ராக்டரின் தொழிலாளிகளுக்கும் பொறுப்பு. தோட்டத்தில் நம் இடத்துக்கு வந்திருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிகளுக்கும் இதே சட்டம்தான். நம் அம்மா சுமந்த பம்பை இன்று சுமப்பவர் அவர். அவரை விட்டுவிட்டு நம் உரிமையை மட்டும் கேட்க முடியாது.

கிளினிக்கில் சொன்ன ஒரு பொய்

என் அலுவலகத்துக்கு ஓர் அக்கா வந்தார். கணவர் கான்ட்ராக்டில் வேலை செய்தவர். உயரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. தூக்கிக்கொண்டு போன சூப்பர்வைசர் வழியில் சொல்லியிருக்கிறார்: "டாக்டர் கேட்டால் வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு, நான் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்." நம் ஆளும் நன்றி விசுவாசத்தில் அப்படியே சொன்னார். இரண்டு மாதம் செலவைப் பார்த்தார்கள். மூன்றாவது மாதம் போனை எடுக்கவில்லை. வேலையும் போனது.

மூன்று வருடம் கழித்து என்னிடம் வந்தார்கள். நான் மருத்துவப் பதிவை வாங்கிப் பார்த்தேன். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியோடு நான் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லி மாளாது. அந்த அண்ணன் பொய்யர் இல்லை. வேலையைக் காப்பாற்ற நினைத்தார், அவ்வளவுதான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் அடிபட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்று சொல்லுங்கள். சொக்சோ, அதாவது பெர்கேசோ, உங்கள் பணம். மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்தும் போகிறது. விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். நான்கு நாளும் அதற்கு மேலும் எம்.சி. கிடைத்தால் தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும். இறந்துவிட்டால் மனைவி மக்களுக்கு மாதப் பணம் உண்டு. முதலாளி பணம் கட்டவில்லை என்று தெரிந்தால் வீட்டில் உட்கார்ந்து அழாதீர்கள். பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள்.

இன்னொன்று. பெர்கேசோ பாதுகாப்பில் உள்ள தொழிலாளி, வேலை விபத்துக்காகத் தன் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 1969-ஆம் ஆண்டு சட்டத்தின் 31-ஆவது பிரிவு தடுக்கிறது. சாலையில் மூன்றாம் ஆள் வண்டி மோதினால் அது வேறு விஷயம். ஆகவே "முதலாளியிடம் லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வழக்கறிஞனாக இருந்துகொண்டு இதை நானே சொல்கிறேன். போன விரலுக்கு எந்தக் கோர்ட்டும் ஈடு தராது. வருமுன் காப்பதுதான் நமக்கு உள்ள பெரிய வழக்கு.

நாளைக் காலையில் என்ன செய்வது?

முதலாவது, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இன்று என்ன மருந்து அடித்தேன், எந்த இயந்திரத்தின் மூடி உடைந்திருந்தது, யாரிடம் சொன்னேன் என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் டின்னின் லேபிளைப் படம் எடுங்கள். கோர்ட்டில் ஞாபகத்தைவிட நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது, தனியாகக் கேட்காதீர்கள். என் அம்மா தனியாகக் கேட்டார். அதனால்தான் "வீட்டில் இரு" என்று சொல்ல முடிந்தது. பத்து பேர் சேர்ந்து கேட்டால் பத்து பேரையும் வீட்டில் இருக்கச் சொல்ல முடியாது, குலை மரத்திலேயே அழுகிவிடும். தொழிற்சங்கம் இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் விலகி நிற்கும் உரிமை இப்போது சட்டத்தில் இருக்கிறது. 26ஏ பிரிவு. முதலில் முதலாளியிடம் சொல்ல வேண்டும். அவர் எதுவும் செய்யவில்லை, ஆபத்து நிஜம் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்றால், நீங்கள் அந்த இடத்தை விட்டு நகரலாம். அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. கோபத்தில் வேலையைப் போட்டுவிட்டுப் போவதற்கு இது லைசென்ஸ் இல்லை. முறையாகச் செய்யுங்கள், சாட்சியோடு செய்யுங்கள்.

நான்காவது, ஜேகேகேபிக்குப் புகார் கொடுங்கள். ஈப்போவில் மாநில அலுவலகம் இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தார் என்பதற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்வது ஓஷா 27-ஆவது பிரிவின்படி குற்றம். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். காசு வேண்டாம்.

சட்டம் தானாக நடந்து தோட்டத்துக்குள் வராது. பாரகுவாட் தடை தானாக வரவில்லை. மண்டோருக்குப் பயந்துகொண்டே, லயத்து வாசலில் தாழ்ந்த குரலில், "எனக்கு மூக்கில் இரத்தம் வருது" என்று யாரோ ஓர் அக்கா சொன்னார். அவரைப் போல இன்னும் பலர் சொன்னார்கள். அதை ஒருவர் எழுதிக்கொண்டார். அங்கிருந்துதான் அது ஆரம்பித்தது.

நான் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நகமில்லாத விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. பெருமையோடு நிறைய பேசுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "இனிமே கையுறை கேட்டா கொடுப்பாங்களாய்யா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று சட்டம் பதில் சொல்கிறது: கொடுத்தே ஆக வேண்டும், காசு வாங்காமல் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த விஷமே தேவையா என்று யோசிக்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். நாளைக் காலை பெரட்டிலோ, ஷிப்டு தொடங்கும்போதோ, பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.